தீவு தேய்ந்த கதை

"நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும்." ஆறாம் வகுப்பு மாணவியும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் வரி இது. இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு நான் ஒரு சிறு வேலை கொடுத்தேன். வெப்பமண்டலக் கடலில் ஒரு தீவு இருப்பதாகக் கற்பனை செய்து, அதற்குப் பெயர் சூட்டி, அதன் இயற்கை அமைப்பையும் வளங்களையும் வண்ணப் பென்சிலால் வரைந்து வரவேண்டும் என்பதே அந்த வேலை. மறுவாரம் நாற்பத்திரண்டு தீவுகள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன.

என்ன செல்வம், என்ன செழிப்பு! ஒரு தீவில் தங்கச்சுரங்கம். இன்னொன்றில் எண்ணெய்க் கிணறு. மரகதத் தீவில் தேக்கங்காடும் நீர்வீழ்ச்சியும். மற்றொரு தீவில் இரயில் நிலையமும் இருந்தது. அந்த இரயில் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை வரைந்தவள்தான் சொல்ல வேண்டும். மரக்காணத்திலிருந்து வரும் மாணவி மறவாமல் உப்பளம் போட்டிருந்தாள். எல்லாப் படங்களையும் பார்த்து முடித்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இந்த மாதிரி ஒரு தீவு நிஜமாவே எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையே இக்கட்டுரை.

அத்தகைய தீவைத் தேடிப் பசிபிக் பெருங்கடலுக்குப் போக வேண்டியதில்லை. இரவில் விழுப்புரம் சந்திப்பில் நின்று செல்லும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி உறங்கினால், காலையில் தூத்துக்குடியில் இறங்கலாம். அங்கிருந்து வடகிழக்கே இராமேசுவரம் வரை நீளும் கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். அதில் கரையை ஒட்டினாற்போல், மாலையில் கோத்த மணிகளைப் போல 21 சிறு தீவுகள் இருப்பதாக நூல்கள் கூறும். முசல் தீவு, மனோலி, குருசடை, முள்ளித் தீவு, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, கரியாச்சல்லி, காசுவார், வான் தீவு என்று பெயர்களே ஒரு பாட்டுப் போல இருக்கும். 1986ஆம் ஆண்டில் இத்தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. ஏறத்தாழ 3,600 வகைச் செடிகளும் உயிரினங்களும் இங்கே வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பட்டியலில் தீவுகள் 21. ஆனால் படகில் போய் எண்ணினால் 19தான் தேறும். கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும் இப்போது நீருக்கு அடியில் இருக்கின்றன. அவை ஏன் மூழ்கின? அதை அறிய வேண்டுமானால், ஒரு சிறு தீவு எதன்மேல் நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இமயமலையைப் போலவோ நம் செஞ்சிக் குன்றுகளைப் போலவோ இத்தீவுகளுக்கு உறுதியான கருங்கல் அடித்தளம் இல்லை. இவை மணல் தீவுகள். கடல்மட்டத்துக்கு மேலே சில அடிகளே உயர்ந்து நிற்பவை. அந்த மணலைக் கையில் அள்ளிப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், நம் தென்பெண்ணை ஆற்று மணலிலிருந்து அது வேறுபட்டது எனத் தெரியும். சங்கு, சிப்பி ஆகியவற்றின் பொடியும் பவளத்தின் துணுக்குகளும் அதில் நிறைந்திருக்கும். உயிருள்ளவை வாழ்ந்து மடிந்து உதிர்த்த மணல் அது.

பவளம் என்றதும் கழுத்தில் அணியும் சிவப்புப் பவளத்தை நினைக்க வேண்டாம். அது வேறு இனம். இது பாறை கட்டும் பவளம். பாடநூலில் குழியுடலிகள் என்று படிக்கிறோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மிகச்சிறு உயிரி. வாயைச் சுற்றி உணர்கொம்புகள் உள்ள சிறு பை போன்றது. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக, தலைமுறைமேல் தலைமுறையாகக் கட்டப்பட்ட கிண்ணங்களே பவளப்பாறை. இதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் நிறமும் இந்தப் பாசிகளால் வந்ததே. ஆகையால்தான் ஒளி புகும் தெளிந்த, ஆழமில்லாத, வெதுவெதுப்பான நீரில் மட்டும் இது செழிக்கிறது. மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள் உள்ளன. உருண்டையாக வளரும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். முதல் வகுப்பில் சேர்ந்த பெண் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது அது ஒரு சாண்கூட வளர்ந்திராது.

இந்தப் பாறை தீவுக்கு இரண்டு உதவிகள் செய்கிறது. திறந்த கடலிலிருந்து வரும் அலையை வெளியிலேயே உடைத்து, கரைக்கு வரும்போது சோர்ந்துபோகச் செய்கிறது. உடைந்த தன் துணுக்குகளையே மணலாகத் தீவுக்குத் தருகிறது. கடல் தினமும் கொஞ்சம் மணலைக் கொண்டுபோகும். பாறை தினமும் கொஞ்சம் கொடுக்கும். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை தீவு நிற்கும். கரியாச்சல்லி, விலங்குச்சல்லி என்னும் பெயர்களில் உள்ள 'சல்லி' என்பது உடைந்த சிறு கல்லைத்தான் குறிக்கிறது என எனக்குத் தோன்றுகிறது. பெயர் வைத்த மீனவர்களுக்குத் தீவு எதனால் ஆனது என்பது தெரிந்தே இருந்திருக்கிறது.

நாற்பத்திரண்டு படங்களிலும் தேடினேன். தீவைச் சுற்றிக் கடலுக்குள் பாறை வரைந்தவர் எவருமில்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் நீலக் கடலுக்குள் தீவைச் சூழ்ந்து மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. மகிழ்ச்சியோடு அழைத்துக் கேட்டேன். "இல்ல டீச்சர், தீவு பெரிசாப் போயிடுச்சுன்னு ரப்பர் வச்சு அழிச்சேன். சரியா அழியல" என்றாள்.

நன்னீர் அடுத்த விந்தை. உப்புக்கடலின் நடுவே மணல்திட்டில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கும்? கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டினால் முதலில் நல்ல நீர் வரும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் தயிரின்மேல் ஆடை படிந்தாற்போல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயரம் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியலார் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். தீவு சிறுத்தால் தண்ணீரும் சிறுக்கும். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று அருகருகே இரண்டு தீவுகளுக்குப் பெயர் வைத்தவர்கள், தாகத்தோடு படகை ஒதுக்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கரையோரத்தில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைக்கின்றன. நம் மரக்காணம் கடற்கரையிலும் இவற்றைக் காணலாம். உள்ளே பூவரசும் உடையும். மனோலி, குருசடை போன்ற தீவுகளின் ஓரங்களில் அலையாத்திச் செடிகள். நீருக்கடியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கடற்புல். அந்தப் புல்லை மேய்வதற்கு ஆவுளியா என்னும் கடற்பசு வருகிறது. குட்டிக்குப் பாலூட்டும் இவ்விலங்கு இப்போது மிக அருகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் அண்டையிலுள்ள பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இதற்கென்றே பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்காக அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே.

இனி மனிதன் இத்தீவுகளிடமிருந்து எடுத்தவற்றைக் காண்போம். முதலில் முத்து. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து பணிபுரிந்த முத்துக்குளித்துறை இந்தக் கரைதான். கடலடியில் உள்ள 'பார்'களில் சிப்பிகள் ஒட்டி வளரும். மூச்சை அடக்கி மூழ்கி அவற்றை அள்ளி வருவார்கள். எல்லா ஆண்டும் குளிப்பதில்லை. சிப்பி முதிர்ந்ததா என்று பார்த்து, முதிர்ந்த ஆண்டில் மட்டும் குளிப்பார்கள். சில சமயம் பல்லாண்டுகள் காத்திருப்பார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அதன்பின் பார்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் முத்துக்குளிப்பு மீண்டும் நடக்கவில்லை. முத்துநகர் என்ற பெயர் இன்று இரயில் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து சங்கு. இங்கே குளித்து எடுக்கும் சங்குகள் வங்காளத்துக்குப் போய் வளையாக அறுக்கப்படுகின்றன. நமக்குத் தாலி எப்படியோ, அப்படி வங்காளத்து மணமான பெண்ணுக்குச் சங்குவளை. கல்கத்தாவில் ஒரு மருமகள் கையில் அணியும் வெள்ளை வளை, தூத்துக்குடிக் கடலில் ஒருவர் மூச்சடக்கி எடுத்தது என்றால் வியப்பாக இல்லையா?

பெண்கள் செய்யும் தொழில் ஒன்றும் இங்கே உண்டு. பாம்பன், இராமேசுவரம் பக்கத்து ஊர்களில் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயர் சொல்லும் பாசிகள், நம் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கப் பயன்படும் அகர்அகராகவும், ஐஸ்கிரீமில் சேர்க்கும் பசையாகவும் மாறுகின்றன. புடவைக்குமேல் சட்டை அணிந்து, பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாக்கு கட்டி, தாயிடம் மகள் கற்றுக்கொண்ட வேலை அது. தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின் அவற்றின் அருகே செல்வது குற்றமாயிற்று. பிடிபட்டால் பாசியையும் இழப்பார்கள், அபராதமும் கட்டுவார்கள். காக்க வேண்டிய இடத்தைக் காக்கத்தான் வேண்டும். ஆயினும் கையால் பாசி பறித்த இப்பெண்களையும், பாறையையே பெயர்த்து எடுத்தவர்களையும் ஒரே தராசில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் தாமாகவே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்னும் பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி அமைப்பு தன் பரிசை வழங்கியது.

பாறையையே பெயர்த்தார்கள் என்றேன். அதற்கு வருவோம்.

பள்ளி ஆண்டுவிழாவுக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சீறிக் கொதிக்கும்; சிறுமிகள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது பெயிண்ட் டப்பா வந்துவிட்டதால் அந்தக் காட்சி அரிதாகிவிட்டது. சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? ஒன்று, பூமிக்கடியிலுள்ள சுண்ணாம்புக்கல். அதுவும் பழைய கடல் தந்ததுதான். நமக்கு அருகில் வழுதாவூர் பக்கம் மண்ணுக்கடியில் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. இரண்டு, கிளிஞ்சல். மூன்றாவது, பவளக்கல். முருகைக்கல் என்றும் சொல்வார்கள். காளவாயில் அடுக்கி விறகோ கரியோ போட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, மாசற்ற வெண்சுண்ணாம்பு மிஞ்சும். கல்குவாரி தோண்ட வேண்டாம், வெடி வைக்க வேண்டாம். ஆழமில்லாத கடலில் இறங்கிக் கடப்பாரையால் நெம்பினால் போதும். நூறாண்டுகளில் வளர்ந்தது ஒரே இரவில் சுட்டு முடிந்துவிடும்.

வீடு கட்டவும் இக்கல் பயன்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயத்தின் சுவரைப் பார்த்தவர்கள், கற்களில் பூப்போட்டாற்போல் பவளக் கிண்ணங்களின் வரிகளைக் கண்டிருப்பார்கள். ஒரு கோயிலும் சில வீடுகளும் கட்ட எடுத்ததால் கடல் கெட்டுவிடவில்லை. சுண்ணாம்புக்கும், கால்சியம் கார்பைடு போன்ற இரசாயனத் தொழில்களுக்கும் மூலப்பொருளாக இதனை வள்ளம் வள்ளமாக ஏற்றத் தொடங்கிய பின்புதான் கணக்குத் தப்பியது. சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றி நாள்தோறும் கல் எடுத்தார்கள். கரைக்குக் கிட்ட இருந்ததால் தூத்துக்குடித் தீவுகளே அதிகம் அடிபட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் தூத்துக்குடியிலுள்ள என் நாத்தனார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் இளம்வயதில் கல் எடுக்கப் போனவர். "கடலுல கெடக்க கல்லுதான டீச்சரம்மா. அதுக்கு உயிரு இருக்குன்னு எங்களுக்கு யாரு சொன்னா? வெட்டி வள்ளத்துல ஏத்துனா ராத்திரி வீட்டுல சோறு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார். சற்று நேரம் கழித்து, "வான் தீவுல நாங்க பந்து வெளாண்டிருக்கோம்மா. ரெண்டு பக்கமும் கோல் போஸ்ட் நட்டு" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லை விலைக்கு வாங்கியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் தெரியாமலா இருந்தது?

அவர் பந்து விளையாடிய வான் தீவின் கணக்கு இது. 1986ஆம் ஆண்டில் அதன் பரப்பு 16 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய நாற்பது ஏக்கர். 2014இல் எஞ்சியது சுமார் 2 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர். நாற்பது ஏக்கர் வைத்திருந்த குடும்பத்திடம் ஐந்து ஏக்கர் மட்டும் மிஞ்சினால் ஊரே பேசும். இது நடுக்கடலில் நடந்ததால் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. பாறை போனதும் அலை நேரே வந்து கரையில் மோதியது. மணலை எடுத்துப் போனது. திருப்பித் தர அங்கே பாறை இல்லை. கடல்மட்டம் உயர்ந்து வருவதும் சேர்ந்துகொண்டது. பக்கத்திலுள்ள கரியாச்சல்லி 1969இல் 20.85 ஹெக்டேர். 2018இல் 5.97 ஹெக்டேர். மூழ்கிப்போன இரண்டு தீவுகளும் இப்படித்தான் பாறையை இழந்து போயின.

2001ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலியைக் கொல்வது எவ்வளவு பெரிய குற்றமோ, பவளத்தை உடைப்பதும் அவ்வளவு பெரிய குற்றமாயிற்று. அதன் பின்னும் திருட்டுத்தனமாகக் கல் எடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் அன்று பட்ட துயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கம் அழிவு குறைவு. இலங்கை குறுக்கே நின்று மறைத்தது அதற்குப் பெரிய காரணம். அதை மறைத்துவிட்டுப் பாறைகளே காப்பாற்றின என்று சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் தீவுகளும் பாறைகளும் தங்களுக்கு முன்னே நிற்பதன் பொருளை அன்று மீனவர்கள் கண்ணால் கண்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் கல் எடுப்பு நின்றது. சட்டத்தால் முடியாததை ஒரு காலைப்பொழுது செய்தது.

எடுத்தது நின்றாலும் போனது திரும்பவில்லை. அடித்தளம் பொடியாகிக் கிடந்தால் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடமில்லை. ஆகவே 2015 முதல் தமிழ்நாடு அரசு, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியோர் சேர்ந்து வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். துளைகளிட்ட கற்காரைக் கட்டிகள் அவை. ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கடலுக்கு அடியில் வைத்தார்கள். அலையின் வேகம் தணிந்தது. மணல் மறுபடி சேரத் தொடங்கியது. துளைகளில் மீன்கள் குடியேறின. கற்காரைமேல் பவளம் ஒட்டிக்கொண்டது. காசு வாங்கிக்கொண்டு பாறையைக் கொடுத்தோம். பல கோடி ரூபாய் செலவிட்டு அதே இடத்தில் சிமெண்டுப் பாறை வைக்கிறோம். மாலத்தீவுகளிலும் இப்படித்தான் நடந்தது. தலைநகர் மாலேயில் வீடு கட்டப் பாறையை உடைத்தார்கள்; 1987இல் கடல் நகருக்குள் புகுந்தது; பிறகு ஜப்பானின் உதவியால் தலைநகரைச் சுற்றிக் கற்காரை அரண் கட்டினார்கள்.

வெப்பம் இப்போது வந்துள்ள புதுத் தொல்லை. கடல்நீர் 30 பாகை செல்சியசைத் தாண்டிச் சில வாரங்கள் நின்றால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறமிழந்து எலும்புபோல் வெளிறிப்போகிறது. வெப்பம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நேர்ந்தது. கடப்பாரையைத் தடுக்கச் சட்டம் போட்டோம். இதைத் தடுக்கக் கடற்கரையில் காவல் போட்டுப் பயனில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எரியும் டீசலுக்கும் இதில் பங்குண்டு.

தங்கச்சுரங்கம் வரைந்த மாணவிக்கும் ஒரு செய்தி உண்டு. அவள் வரைந்த தீவு உண்மையிலேயே இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் நவுரு என்னும் நாடு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். அங்கே தங்கத்துக்குப் பதில் பாஸ்பேட் கிடைத்தது. நம் ஊர் மணிலாக் கொல்லைக்கு இடும் சூப்பர் பாஸ்பேட் போன்ற உரம் செய்ய உதவும் கல். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அயல்நாட்டுக் கம்பெனிகள் தோண்டத் தொடங்கின. 1968இல் விடுதலை பெற்றபின் நவுரு மக்கள் தாமே தோண்டினார்கள். சில காலம் உலகிலேயே பெரும் பணக்கார மக்களில் அவர்களும் இருந்தார்கள். இப்போது தீவின் ஐந்தில் நான்கு பங்கு கூரிய கற்கள் துருத்திய பாழ்நிலம். மக்கள் ஓரமாக, கடற்கரை விளிம்பில் வாழ்கிறார்கள். உணவு கப்பலில் வருகிறது. ஆகவே, பெண்ணே, உன் சுரங்கத்தை நான் தவறென்று சொல்லவில்லை. தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவாய், தீர்ந்தபின் எதை உண்பாய் என்பதையும் படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கலாம்.

கரியாச்சல்லித் தீவுக்கும் வான் தீவைப் போலவே செயற்கைப் பாறைகள் வைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டில் அரசு அறிவித்திருக்கிறது. இத்தீவுகளில் பொதுமக்கள் இறங்கக் கூடாது. ஆகையால் நம் பள்ளியிலிருந்து கல்விச் சுற்றுலாவாக அங்கே போவதற்கில்லை. அதற்குப் பதில், மாணவிகளைத் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வழியாகக் கழுவேலிக்கு அழைத்துப்போக எண்ணியிருக்கிறேன். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கரையோரச் சேற்றில் கிளிஞ்சல்கள் கிடைக்கும். ஆளுக்கொன்று எடுத்து வந்து, ஆய்வகத்தில் ஒரு துளி அமிலம் விட்டுப் பார்ப்போம். நுரைத்துப் பொங்கும், அதுதான் சுண்ணாம்பு. பெற்றோர் அனுமதிக் கடிதம் அவசியம்.

படங்கள் நாற்பத்திரண்டும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக உள்ளன. ஒன்பதாம் வகுப்பினர் வந்து பெற்றுக்கொள்ளலாம். ரப்பரால் அழித்தவளுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன்.

— புவியியல் ஆசிரியை